ஜனங்க சொல்ற பேரு: விமலா அக்காவுக்கு

செவ்வாய்க்கிழமை காலை, வானகரம் சிக்னலில் பேருந்து நின்றிருந்தபோது ஷகிலாவின் அழைப்பு வந்தது. எங்கள் திட்டத்தில் ஆவடிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் களப்பணியாளர் அவர். "மேடம், விமலாக்கா போய்ட்டாங்க" என்றார். என் மனதில் முதலில் எழுந்தது துக்கம் என்று சொன்னால் அது பொய். இனி அக்காவிடம் சொல்ல முடியாதே என்பதுதான் முதலில் தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அம்பத்தூரில் ஒரு மாடி அறையில் இயங்கும் எங்கள் சிறிய பொதுச் சுகாதாரத் திட்டத்தின் இணையதளத்தைக் கட்டியவர் விமலா அக்கா. அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தார். கணினி படித்தவர் அல்லர். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இலவச மென்பொருள் ஒன்றைத் தேடிப்பிடித்து, திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வந்துபோகும் நேரத்தில் கைபேசியிலேயே அதைக் கற்றுக்கொண்டார். வீடு வீடாகச் செல்லும் பணியாளர்கள், தாய்மார்களின் கேள்விக்கு வாசலில் நின்றபடியே பதில் தேடிச் சொல்ல வேண்டும். ஒரு பகுதியில் தெரிந்துகொண்டதை மறுநாள் அடுத்த பகுதிக்காரர் படிக்க வேண்டும். தளம் அதற்காகத்தான். படங்கள் சேர்த்தால் அழகாக இருக்குமே என்றேன். சிரித்தார்.

"ஷகிலா போன பாத்துகீறியா டீச்சரம்மா? கண்ணாடி ஒடஞ்சி, உள்ள எடமே இல்லாம கீது. அதுல தொறக்கணும். அழகெல்லாம் அப்பால."

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். திருச்சிப் பக்கத்திலிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் குடியேறியவள். பக்கங்களின் மொழியைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் அவருக்கு நான் டீச்சரம்மா.

ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஜனங்க சொல்ற பேரு' என்றொரு கட்டம் வைத்திருந்தார். மூச்சிரைப்புப் பக்கத்தில் 'இஸ்துகினு கீது'. வயிற்றுப்போக்குப் பக்கத்தில் 'புடுங்கிகினு போவுது'. தண்ணீர் லாரி வரிசையிலும் ரயில் பெட்டியிலும் காதில் விழுந்த சொற்களைத் துண்டுச்சீட்டில் குறித்துவந்து சேர்ப்பார். தாய் சொன்னதை அப்படியே தேடினால் சரியான பக்கம் வந்து நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு. நான் முகம் சுளித்தேன்.

"வயிற்றுப்போக்குன்னு எந்தப் புள்ள பெத்தவ சொல்றா? உனக்குப் போனா, உன் ஊட்ல நீ அப்டிதான் சொல்லுவியா?" என்றார். அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

நான் சேர்ந்து நான்காவது மாதம், திட்டத்துக்கு உதவுகிறவர்கள் தளத்தைப் பார்வையிட வருவதாக இருந்தது. அக்கா விடுப்பில் இருந்த ஒரு மதியம், அந்தக் கட்டங்கள் அத்தனையையும் நான் அழித்தேன். கொச்சை என்று நினைத்தேன். அன்றைய சிரிப்பும் உள்ளே எங்கோ இருந்திருக்கும். யாரிடமும் சொல்லவில்லை. வந்தவர்கள் நல்ல தமிழ் என்று பாராட்டினார்கள். மகிழ்ந்தேன்.

அடுத்த வாரம் ஆவடியில் ஒரு வீட்டு வாசலில், கைக்குழந்தைக்கு இரண்டு நாளாகப் புடுங்கிகினு போவதாக ஒரு தாய் ஷகிலாவிடம் சொன்னார். ஷகிலா அப்போது வேலைக்குப் புதிது. சொன்னதை அப்படியே தேடினார். 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது. மறுபடியும் தேடினார். அதே பதில். பிறகு அக்காவை அழைத்தார். அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டார். கண் குழிந்திருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா? "உடனே ஆட்டோ புடி, ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார். குழந்தை பிழைத்தது. பிழைக்காமல் போயிருந்தால் என்ற எண்ணம் இன்னும் என்னை விடவில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர், அந்தச் சொற்கள் எப்படிக் காணாமல் போயின என்று கேட்டார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்தார்.

"நாந்தான் சார். இன்னாத்தையோ மாத்தி அமுக்கிட்டேன் போல. நேத்தே எல்லாத்தையும் திரும்ப வெச்சிட்டேன்."

இனிமேல் அக்கா எதைச் சேர்த்தாலும் நான் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே தளத்தில் ஏறும் என்று முடிவானது. அதற்கும் தலையாட்டினேன்.

பிறகு மூன்று ஆண்டுகள், தாம் கட்டிய தளத்தில் ஒரு சொல் போட அவர் என் மேசைக்கு வந்து நின்றார். "டீச்சரம்மா, இத்த போட்லாமா?"

"போடுங்கக்கா."

போகமாட்டார். என் முகத்தைப் பார்த்தபடி நிற்பார். "வேற இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

அவர் காலமான பின் தளத்தின் பொறுப்பு என்னிடம் வந்தது. 'மாற்றங்களின் வரலாறு' என்ற பக்கத்தை முதன்முறையாகத் திறந்தேன். யார், எந்த நாளில், எதை எடுத்தார் என்பதையெல்லாம் அந்த மென்பொருள் எழுதி வைத்திருந்தது. எனக்கு அது தெரியாது. வரிசையாக என் பெயர். ஒவ்வோர் அழிப்பின் மேலும் அக்காவின் பெயர், காரணம் எழுதும் இடத்தில் எல்லாப் பக்கத்திலும் ஒரே வரி: "திரும்ப வெச்சாச்சு." அழித்ததை மீட்க, அழித்தவர் பெயர் உள்ள வரியைத்தான் அழுத்த வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பக்கத்திலும் என் பெயரைப் படித்துவிட்டுத்தான், மறுநாள் கூட்டத்தில் அவர் எழுந்திருக்கிறார். புதிதாக வந்தவளின் வேலை போய்விடும் என்று நினைத்தாரா, நானே சொல்லட்டும் என்று விட்டாரா, தெரியவில்லை.

இரங்கல் கூட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் அவரைப் பாசத்தோடுதான் நினைவுகூர்ந்தார். "ஒருமுறை கை தவறி எல்லாவற்றையும் அழித்துவிட்டார். ஆனால் ஒரே நாளில் உட்கார்ந்து சரிசெய்தார்" என்றார். அப்போதும் நான் எழுந்திருக்கவில்லை. ஆகவே இதை எழுதி, எல்லோரும் படிக்கும்படி அவர் கட்டிய தளத்தின் முதல் பக்கத்திலேயே வைக்கிறேன். சொற்களை அழித்தது நான். அக்காவின் கை ஒருநாளும் தவறவில்லை.

என் ஒப்புதலுக்கு ஒரு சொல் காத்திருந்தது. இறப்பதற்கு இரண்டு நாள் முன், மருத்துவமனைப் படுக்கையிலிருந்து அனுப்பியிருக்கிறார். தலைச்சுற்றல் பக்கத்துக்கு: 'கிர்ருனு கீது'. பக்கத்துக் கட்டில் அம்மா சொன்னது என்று குறிப்பு. அறிவிப்பு அன்றே வந்திருந்தது. வேலை இருக்கிறது என்று நான் திறக்கவில்லை.

அக்கா, போட்டாச்சு. யாரும் யாரிடமும் கேட்காமல் சொற்களைச் சேர்க்கலாம் என்று அந்த விதியையும் எடுத்தாச்சு. சொல்ல வேண்டியதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லாமல் போனது. போய் வாருங்கள்.