முக்கால் லிட்டர் சிவப்பு எண்ணெய்

கியர் எண்ணெய் மாற்றும் வேலையில் பாதி காருக்கு அடியில் நடக்கும். மீதிப் பாதி வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பதில் சொல்வதிலேயே போகும். விரலில் எண்ணெயும் காதில் பிறர் யோசனைகளுமாக வீட்டு வாசலில் நின்றிருக்கிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இன்று ஓசூரில் எங்கள் தெருவிலுள்ள மூன்று ஆட்டோமேட்டிக் கார்களுக்கும் நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும்தான் வைத்தியர்கள். தொழில் பழகியது என் காரில். அதற்கு முன் இந்த வேலையைச் செய்தவர் என் கணவர். போர்ட்டிகோ காலியாகக் கிடக்கும். அவரோ காரைத் தெருவில் நிறுத்தி அடியில் படுத்திருப்பார். "உள்ள இடமில்லையா? ஊரே பாக்கணுமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். சிரிப்பார், அவ்வளவுதான்.

அவர் காலமான இரண்டாம் வருடம் கார் ரிவர்ஸில் உதறத் தொடங்கியது. என் இடது முழங்கால் கிளட்ச் மிதிக்காது, பஸ் படியும் ஏறாது. அஞ்செட்டியில் மாடுகளோடு தனியாக இருக்கும் தங்கை கமலாவை வியாழக்கிழமைதோறும் பார்த்துவர எனக்கு இருப்பது இந்தக் கார் ஒன்றுதான். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனோ, "ஞாயித்துக்கிழமை வந்து ஓட்டிப் பாக்கறேன். அப்பவும் உதறினா வித்துடலாம்மா" என்று சொல்லிவிட்டான்.

கடையில்

எண்ணெய் வாங்க நானே போனேன். கடைக்காரர் என்னையும் என் கைத்தடியையும் பார்த்துவிட்டு, "மெக்கானிக்குக்குப் போன் போட்டுக் குடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார். மெக்கானிக் எதிரில்தான் நிற்கிறார் என்றேன்.

அவர் எடுத்து வைத்த முதல் டப்பா வேறு வகை. காரோடு வந்த கையேட்டைப் பையிலிருந்து எடுத்து, பென்சில் கோடு போட்ட பக்கத்தை விரித்துக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, வரி வரியாகப் படித்தார். உள்ளே போய்ச் சரியான டப்பாக்களோடு வந்தார். தூசியைத் தன் துண்டாலேயே துடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசமா கடை வெச்சிருக்கேன். புக்கைப் படிச்சிட்டு வந்த மொத ஆளு நீங்கதாங்கம்மா."

ஆறிப்போன ரசம்

ஸ்டெல்லா தொழிற்சாலையில் அசெம்பிளி லைனில் வேலை செய்பவள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விடுப்பு. தெருவில் படுக்க நான் சம்மதிப்பேனா? போர்ட்டிகோவிலேயே முன்சக்கரங்களைச் சாய்வுப் பலகையில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குச் செங்கல் அணை வைத்தோம். பாயை விரித்து, ஒரு பிளாஸ்டிக் டப்போடு ஸ்டெல்லா காருக்கு அடியில் போய் எண்ணெய் வடியும் திருகைக் கழற்றினாள். மாதுளை நிறத்தில் உள்ளே போன எண்ணெய் ஆறிப்போன ரசம் போல வெளியே வந்தது.

வெளியே வந்ததை அளந்து அதே அளவு புதிதாக ஊற்ற வேண்டும் என்பது விதி. அளப்பதற்குத் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக வைத்துக் காத்திருந்தேன். பாயிலிருந்து வெளியே வழுக்கி வந்த ஸ்டெல்லாவின் கால் டப்பைத் தட்டிவிட்டது. எண்ணெய் கொஞ்சமும் தயங்காமல் கேட்டை நோக்கி நேராக ஓடியது. இருவரும் அது ஓடும் அழகைப் பார்த்துக்கொண்டே நின்றோம். பிறகு மணலை அள்ளிப் போட்டபடி ஸ்டெல்லா சொன்னாள்: "எங்க லைன்ல ஒரு சொட்டு சிந்தினாலே மூணு பேரு கையெழுத்துப் போடணும்க்கா. இதுக்கு ஊரே போடணும்."

அளவுக் குச்சி

அளவு போனால் என்ன, அளவுக் குச்சி இருக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன். சக்கரங்களைத் தரைக்கு இறக்கி, புது எண்ணெயைப் புனலில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினோம். எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொரு இடமாக நகர்த்தி, குச்சியை உருவிப் பார்த்தோம். மேல்கோடு வரை சிவப்பு. நிறைந்துவிட்டது.

ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட மோசம். ரிவர்ஸ் போட்டதும் கார் சிறிது நேரம் யோசித்தது. பிறகு பின்னால் பாய்ந்தது. கியர்பாக்ஸே போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அன்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, இனி வரவேண்டிய வியாழக்கிழமைகள் எல்லாம் என்னை ஏற்றிக்கொள்ளாமல் கடந்து போவதுபோல் இருந்தது. கமலாவுக்குப் போன் செய்து, இனிமேல் வர முடியாமல் போகலாம் என்றேன். அவள் சொன்னாள்: "எனக்குப் பரவால்லக்கா. செவலைப் பசுதான் வியாழக்கிழமையானா ரோட்டையே பாக்குது."

எதிர்வீட்டு மேஸ்திரி

எதிரில் வீடு கட்டிக்கொண்டிருந்த முனிரத்தினம் மேஸ்திரி சனிக்கிழமை காலை தண்ணீர் கேட்டு வந்தார். பானட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து, "ஏமம்மா, வண்டிக்கு ஒடம்பு சரியில்லையா?" என்றார். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். முழுக் கதையையும் சொன்னேன்.

அவர் காரைப் பார்க்கவேயில்லை. வாசற்படியிலிருந்து கேட் வரை நீண்டிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தார். எதிர்வீட்டுக்குப் போய், மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயோடு வந்தார். ஒரு முனையை, அதற்குள் வந்துவிட்ட ஸ்டெல்லா வாசற்படியோரம் பிடிக்க, மறுமுனையை அவர் கேட்டோரம் பிடித்தார். முழுதாக ஐந்து இஞ்ச் இறக்கம். எண்ணெயெல்லாம் குச்சி இருக்கும் பக்கமாகச் சரிந்து நின்றுகொண்டு, நிறைந்துவிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கிறது. குழாயைச் சுருட்டிக்கொண்டே மேஸ்திரி சொன்னார்: "மழைத்தண்ணி வெளிய போறதுக்கு நாங்களே வாட்டம் குடுத்துதாம்மா தரை போடுவோம். இங்க நிறுத்திட்டு வண்டிகிட்ட நெசம் கேட்டா, அது எங்க போவும்?"

தெருவில்

காரை வெளியே எடுத்தேன். மேஸ்திரி குழாய் வைத்துப் பார்த்து, மட்டமாக இருந்த இடத்தைக் காட்டினார். அது என் கணவர் வழக்கமாகப் படுக்கும் அதே இடம். குச்சியில் இப்போது கீழ்க்கோடு வரைக்கும்கூட எண்ணெய் இல்லை. மேல்கோடு வரை வர இன்னும் சரியாக முக்கால் லிட்டர் குடித்தது. ரிவர்ஸ் போட்டேன். தொட்டில் ஆடுவதுபோல் நகர்ந்தது. ஸ்டெல்லா கைதட்டினாள், எனக்கு மட்டும் அந்த இடத்தைவிட்டு நகரத் தோன்றவில்லை. என் கணவரிடம் காரணம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்டது கேள்வி இல்லையே, குற்றச்சாட்டு.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். கெலவரப்பள்ளி அணை வரை ஓட்டினான். ஏற்றத்தில் நிறுத்தி மூன்று முறை ரிவர்ஸ் போட்டுப் பார்த்தான். ஒரு உதறல் இல்லை. என்னம்மா செய்தே என்றான், சொன்னேன். வீடு திரும்பியதும் போர்ட்டிகோ தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாவியை என் கையில் வைத்தான். "அப்பா தெருவுல படம் காட்டறாருன்னுதாம்மா நானும் நெனச்சேன்."

நாற்பது வருடம் கூடவே வாழ்ந்தும், ஒரு மனிதர் ஏன் தெருவில் படுத்தார் என்பதை எனக்குச் சொல்ல, கடைசியில் ஒரு மேஸ்திரியும் முக்கால் லிட்டர் எண்ணெயும் வரவேண்டியிருந்தது.