திங்கட்கிழமை எட்டு மணி மெயில்

கேளம்பாக்கத்து வேலையை அப்பா ஏன் விட்டேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எழுதினால்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

நான் ஐடிஐ முடித்தவன். புரோகிராம் எழுதுவதைச் செங்கல்பட்டில் ஒரு சென்டரில் மாலை வகுப்பில் கற்றுக்கொண்டேன். எங்கள் கம்பெனி, ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் நான்கு பேர். வேலை தேடுகிறவர்கள் பதிவு செய்யும் வெப்சைட் ஒன்றை நடத்தினோம். இன்டர்வியூவுக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கு, "நாளை காலை பத்து மணிக்கு உங்களுக்கு இன்டர்வியூ" என்று மெயில் தானாகப் போக வேண்டும். அதை எழுதும் பொறுப்பு என்னுடையது.

முதலாளி ஒன்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். "ராகு காலத்துல எதுவும் போவக்கூடாது. வேல விஷயம் பாரு."

தினக் காலண்டரைப் பார்த்து ஏழு நாளின் ராகு காலத்தையும் எழுதி வைத்தேன். புரோகிராம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எழும். அந்த ஐந்து நிமிடத்தில் போக வேண்டிய மெயில்களை மட்டும் அனுப்பும். ராகு காலமாக இருந்தால் சும்மா இருக்கும். ஒரு வியாழக்கிழமை மதியம் சோதித்தேன். சரியாக நின்றது. நின்ற மெயில் பிறகு கிளம்புகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை ராகு காலம் ஏழரையிலிருந்து ஒன்பது. எட்டு மணி மெயில் நிற்கும். ஒன்பதுக்குப் புரோகிராம் எழும்போது எட்டு மணி கடந்துபோயிருக்கும்; அதை அது திரும்பிப் பார்க்காது. செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ இருந்த யாருக்கும் மூன்று வாரம் மெயிலே போகவில்லை.

மூன்றாவது வாரம் புதன்கிழமை சாயங்காலம், திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு பெண் வந்தார்.

"திங்கக்கெழம மெயில் வரும்னாங்க. நாலு வாட்டி பிரவுசிங் சென்டர் போய்ப் பார்த்தேன் சார். மெயிலே வர்ல. நேத்து அந்தக் கம்பெனிக்கு போன் பண்ணா, இன்டர்வியூ முடிஞ்சிபோச்சின்றாங்க. முப்பது வயசு தாண்டுனா எடுக்க மாட்டாங்களாம். எனுக்கு அடுத்த மாசம் முப்பது முடியுது."

பட்டியலைத் திறந்தேன். அவருக்கான வரியில் 'அனுப்பவில்லை' என்று இருந்தது. முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு அவரிடம் சொன்னார்: "இங்கேர்ந்து கரெக்டா போயிகீதும்மா. உன் மெயில் பெட்டிதான் இன்னாவோ பேஜாரு பண்ணுது. வூட்டுக்குப் போறப்ப இன்னொரு வாட்டி பாரு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "அப்டியா சார்?"

நான் தலையசைத்தேன்.

"எனுக்குத்தான் சரியாப் பாக்கத் தெர்ல போல. தப்பா நெனைச்சுக்காதீங்க சார்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் போனதுமே புரோகிராமைத் திருத்தினேன். நேரம் கடந்தும் போகாமல் இருப்பவை எல்லாம் போகட்டும் என்று மாற்றினேன். அடுத்த முறை எழுந்ததும், மூன்று வாரமாகக் கிடந்த பழைய மெயில்கள் மொத்தமாகப் போய்விட்டன. அவற்றை முதலில் அழித்திருக்க வேண்டும். போன பிறகுதான் உறைத்தது. மெயிலில் தேதி கிடையாது, 'நாளை' என்றுதான் இருக்கும்; படிப்பவர் மறுநாள் காலை கிளம்பிவிடுவார். அந்தப் பெண்ணைத் தடுக்க நினைத்தேன். அவர் கொடுத்திருந்தது மெயில் முகவரி மட்டும். "போக வேண்டாம்" என்று ஒரு மெயில் அனுப்பினேன்.

வியாழன் மதியம் ஆபீசுக்கு போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"சார், நேத்து வந்த பொண்ணு. வூட்டுக்குப் போற வழியில சென்டர்ல பார்த்தேன், மெயில் வந்திருந்துச்சு. எனுக்காக மறுபடியும் கேட்டு வாங்கிக் குடுத்துகிறீங்கன்னு நெனைச்சேன். காலைல போனேன். கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க."

"அப்புறம் இன்னொண்ணு போட்டேன்மா, போக வேணான்னு."

"ஒரு வாட்டிதான சார் பார்த்தேன். மெயில்ல நேத்து சாயங்கால டைம் போட்டுகீது. அப்ப திங்கக்கெழம நீங்க அனுப்பவே இல்ல."

"இல்லம்மா. என் தப்புதான்."

"அத்த நேத்தே சொல்லிர்ந்தா, நான் பஸ் ஏறிருக்க மாட்டேனே சார்."

வைத்துவிட்டார்.

முதலாளியிடம் சொன்னேன். "போன வாரம் எத்தினி பேருக்குக் கரெக்டா போச்சு, அத்தப் பாரு," என்றார். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டு நின்றுவிட்டேன். அதனால் அந்தப் பெண்ணுக்கு எந்தப் பிரயோசனமும் இல்லை. அவருக்கு வேறு வேலை கிடைத்ததா என்று எனக்குத் தெரியாது.