மேட்டுப் பாத்திப் பூண்டு

"கடல்ல கெடக்குற கல்லுக்கு வைத்தியம் பாக்குறவ வந்துட்டா"ன்னான் என் அண்ணன். மலைமேல பூண்டிங்கிற எங்க ஊரு வீட்டுல நான் பையைக்கூட எறக்கி வைக்கல. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பவளம் கல் இல்ல, உசிருன்னு இவனுக்கு எத்தனை தடவை சொல்லித் தொலைக்கிறது!

மண்டபம் பக்கம் கடல்ல முங்கிப் பவளப்பாறை பாக்குறதுதான் என் சோலி. பவளத்துக்குள்ள ஒரு பாசி குடியிருக்கு. அதுக்குச் சோறு போடுறதே அந்தப் பாசிதான். தண்ணி சூடேறுனா பவளம் பாசியை வெளிய துப்பிட்டு வெளுத்துப் போயிரும். சூடு வெரசா தணிஞ்சாப் பொழைக்கும், இல்லாட்டிப் பட்டினியில சாகும். போன வருசம் சித்திரையில, கெளை விட்டுக் கிடுகிடுன்னு வளர்ந்ததுதான் மொதல்ல செத்துச்சு. உருண்டையா, மெதுவா வளர்றது தாக்குப்பிடிச்சுச்சு. கெளைப் பவளத்துலயும் அங்கங்க ஒண்ணு ரெண்டு நெறம் மாறாம நின்னுச்சு. அதுல துண்டு எடுத்துத்தான் சிமென்ட் சட்டத்துல கட்டி வளக்குறோம். அடுத்த சூட்டையும் அது தாங்கும்னு ஒரு நப்பாசை.

இந்த மாசியில லீவுக்கு வந்தா, எங்க காட்டுலயும் அதே கூத்து. பனியே இல்ல. மேட்டுக்காட்டுப் பூண்டு அம்புட்டும் வெயில்ல மஞ்சளாகிப் படுத்துருச்சு. ஒரு பாத்தி மட்டும் பச்சையா நின்னுச்சு.

"அண்ணே, இதைத் தனியா எடுத்து விதைக்கு வையி. வெயிலைத் தாங்குனது இது ஒண்ணுதான்"னேன்.

"பாடம் எடுக்காத. ஓடையோரம் பெருசு பெருசா வெளைஞ்சு கெடக்கு. அதுதான் விதை."

எங்க ஊர்ல பெரிய பூண்டைத்தான் விதைக்குன்னு அடுப்புக்கு மேல புகையில கட்டித் தொங்கவிடுவாங்க. ஓடைத் தண்ணி குடிச்சு வளந்தது வெயிலை எங்க கண்டுச்சு? எனக்குக் கெஞ்சுறதுன்னாலே ஆகாது. கெஞ்சினேன். "சரி, வச்சுத் தொலைக்கிறேன், போ"ன்னான்.

அதை நடுறதுக்குத்தான் வைகாசியில திரும்ப வந்தேன். கை கழுவி ஒக்காந்ததும் அண்ணி பூண்டுக் குழம்பு ஊத்துனாங்க. பல்லு பொடிசு பொடிசா, காரம் மூக்குல ஏறுச்சு. ரெண்டாந்தரமும் கேட்டு வாங்கித் தின்னேன். பாதி தின்னப்பதான் அடுப்புக்கு மேல அண்ணாந்து பாத்தேன். பெரிய கட்டு மட்டுந்தான் தொங்குச்சு.

"மேட்டுப் பாத்திப் பூண்டு எங்கண்ணே?"

"பொடிசை எவனாச்சும் விதைக்கு வைப்பானா? ஒன் தட்டுலதான் கெடக்கு, தின்னு."

அடப்பாவி! வாயில கெடந்த பல்லை முழுங்கவும் முடியல, துப்பவும் மனசு வரல. "மிச்சம் இருக்கா அண்ணி?"ன்னேன்.

"நீ வர்றேன்னுதான் கடைசியா இருந்ததையும் உரிச்சுப் போட்டேன்"னாங்க.