மாசமா இருக்கிறப்ப டை போடலாமா?

தலைக்கு டை போடும் தொழிலில், முடியைப் பார்க்கும் முன்னால் வயிற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்ததைக் கேட்கவும் பயம். வெறும் தொப்பையாக இருந்துவிட்டால் அந்தம்மா மறுபடி நம் படி ஏறமாட்டார். பார்லர் வைத்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் பதினோரு வருஷத்திலிருந்து கொஞ்சம்.

மாமியார் பக்கத்தில்

புதுசாகக் கல்யாணமான பெண், மாமியாரோடு வந்தாள். மாசமாக இருக்கிறாளா என்று வழக்கம்போலக் கேட்டேன். இல்லை என்றாள். டையைக் கலக்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு வாஷ்பேசினுக்கு ஓடினாள். பின்னாலேயே போனேன். நாள் தள்ளிப்போயிருக்கிறது, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று காதோடு சொன்னாள். முதல் மூன்று மாசம் டை கிடையாது என்பது என் கடைச் சட்டம். வெளியே வந்து, "இந்த டப்பா டேட் முடிஞ்சிருக்கு, அப்புறம் வாங்க" என்று சமாளித்தேன்.

மாமியார் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "டப்பாவுக்கு டேட் முடிஞ்சுதோ இல்லியோ, இவளுக்கு டேட் தள்ளிப்போனது எனக்கு முந்தாநாளே தெரியும்."

பிரெஞ்சு டப்பா

இன்னொருத்தி, ஆறாம் மாசம். வளைகாப்புக்கு முன்னால் நெற்றியோர நரையை மறைக்க வேண்டும். டாக்டரும் சரி என்றிருந்தார். பிரான்சிலிருக்கும் கணவர் அனுப்பிய டை டப்பாவையே கொண்டுவந்தாள். முழுக்கப் பிரெஞ்சு. புரியாததைத் தலையில் தடவமாட்டேன் என்றதும் அவருக்கு வீடியோ கால் போட்டாள். நான் டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்ட, அவர் வரி வரியாகத் தமிழில் சொன்னார்: காதுக்குப் பின்னால் தடவி இரண்டு நாள் பார்க்கணும், ஜன்னல் திறந்திருக்கணும், சொன்ன நேரத்துக்கு மேல் தலையில் விடக்கூடாது. முக்கால் மணி நேரம் ஓடியது.

போனை வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "கல்யாணமான நாள்லருந்து இவ்ளோ நேரம் இவரு பேசி நான் கேட்டதே இல்லக்கா."

கருப்பு மருதாணி

கதிர்காமத்து அக்கா ஒருவர் பதினாறு வருஷம் காத்திருந்து, நாற்பதில் மாசமானார். தலை பாதி நரை. ஆஸ்பத்திரி வரிசையில் ஒருத்தி, "செக்கப்புக்கு உள்ள போயிருக்கறது பொண்ணா, மருமகளா?" என்று கேட்டுவிட்டாளாம். நேராகப் பெரிய மார்க்கெட் போய் 'கருப்பு மருதாணி' பாக்கெட்டோடு வந்தார். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று அதில் ஒரு எழுத்துகூட இல்லை. "மருதாணி செவக்கும்க்கா. கருத்தா, உள்ள வேற என்னமோ இருக்கு" என்றேன். அவர் முகம் விழுந்துவிட்டது. டாக்டரைக் கேட்டுவிட்டு வரச் சொல்லி, அவர் சரி என்ற பிறகு வெறும் மருதாணி இலையை நானே அரைத்துப் போட்டேன். நரையெல்லாம் ஆரஞ்சு. பயந்துகொண்டேதான் கண்ணாடியைக் காட்டினேன்.

அடுத்த மாசம் சிரித்துக்கொண்டே வந்தார்: "இப்ப யாரும் பொண்ணா மருமகளான்னு கேக்கறதில்லம்மா, ஆரோவில் வெள்ளக்காரம்மாவா நீங்கன்னு கேக்கறாங்க."

டை போட ஆறே மாசத்தில் சர்டிபிகேட் வாங்கிவிட்டேன். போட மாட்டேன் என்று பக்குவமாகச் சொல்வதில்தான் இன்னும் பாஸாகவில்லை.