ஒன்றுவிட்டு ஒரு துடிப்பு

நோயின் முதல் அறிகுறி எனக்கு சைக்கிளின் ஹாண்டில்பாரில் தெரிந்தது. அங்கே மாட்டியிருந்த சின்னத் திரையில் 148 என்ற எண் சட்டென்று 74 ஆனது. அமெரிக்காவில், ஃப்ரீமாண்ட் ஊருக்கு மேலே உள்ள மலையில், மாடுகள் மேயும் சரிவில் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருந்தேன். கால்கள் ஈரச்சாக்கு போல் கனத்தன. காய்ந்த புல்வெளி கண்ணோரத்தில் கொஞ்சம் மங்கியது. இறங்கி, சைக்கிளைப் படுக்கப்போட்டு, பையிலிருந்த குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: "கருவி நம்பத்தகுந்ததல்ல."

தலைசுற்றும் மனிதன் தண்ணீர் குடிப்பான், இல்லையென்றால் உட்காருவான். நான் மதிப்புரை எழுதினேன்.

அது 1997ஆம் வருடக் கோடை. எனக்கு வயது நாற்பத்தாறு. வார நாட்களில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் வேலை. சனி ஞாயிறுகளில், மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சிறிய சங்கம் ஒன்றுக்குச் சாமான்களைச் சோதிக்கும் வேலை. தயாரிப்பாளர்கள் சீட், கையுறை, ஹெல்மெட், முதுகில் மாட்டும் தண்ணீர்ப் பை என்று எதையாவது சங்கத்துக்கு அனுப்பிவைப்பார்கள். அதை மலைக்குக் கொண்டுபோய்ப் புழுதியிலும் பாறையிலும் பாடாய்ப் படுத்தி, எங்கே உடைகிறது என்று செய்திமடலில் அரைப்பக்கம் எழுத வேண்டும். சங்கத்தின் ஒரே தமிழன் நான்தான். ஒரே தொப்பையும் என்னுடையதுதான். அதனால் சீட்டுகள் எல்லாம் தவறாமல் என்னிடம் வந்தன.

அந்த முறை வந்தது இதயத் துடிப்பை அளக்கும் கருவி. மார்பைச் சுற்றி ஒரு பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். அது இதயத்தின் மின்துடிப்பைப் பிடித்து, கம்பியில்லாமல் ஹாண்டில்பாரில் இருக்கும் திரைக்கு அனுப்பும். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று திரை சொல்லும். நல்ல விளையாட்டுப் பொருள். ஆனால் மேட்டில் மட்டும் பொய் சொன்னது.

திருப்பி அனுப்பினேன். புதிதாக ஒன்று வந்தது. அதே மலை, அதே மேடு, மாடுகள் வெளியேறாமல் இருக்கப் போட்டிருக்கும் இரண்டாவது கேட்டைத் தாண்டியதும் 152ஆக இருந்தது 76 ஆனது. மறுவாரம் 144, பிறகு 72. எப்போதும் சரிபாதி.

இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. படிக்காதவனாக இருந்திருந்தால் பயந்திருப்பேன். சரிபாதி என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வருகிற துடிப்புகளில் ஒன்றுவிட்டு ஒன்றைத் தவறவிட்டால் கணக்கு சரிபாதியாகத்தான் விழும். அப்படிப்பட்ட போர்டுகளை ஆபீஸில் பார்த்திருக்கிறேன். ஆக, பட்டை சரியாகத்தான் அனுப்புகிறது, திரை ஒன்றுவிட்டு ஒன்றைக் கோட்டைவிடுகிறது. படம் வரைந்து அம்புக்குறி போட்டு செய்திமடலுக்குக் கொடுத்தேன். அச்சிலும் வந்தது.

என் மனைவி மாலதிக்கு ஊர் கோபி. அவள் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள் இல்லை.

"ஏனுங்க, மிஷின்தான் தப்பா எண்ணுதுங்கறீங்க. சரி. அப்பறம் அதே நேரத்துல காலு ஏன் கனக்குது? காலும் அந்தக் கம்பெனி அனுப்புனதா?"

"வயசாகுது, மாலதி."

"மிஷினுக்கா?"

குளியலறைக்குப் போனேன். பட்டை தோலில் நன்றாகப் படியவில்லையோ என்ற சந்தேகத்தில் மார்பில் ஒரு சாண் அகலத்துக்கு முடியை மழித்தேன். மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கித் தடவினேன். எங்கள் மகள் காவ்யாவுக்கு அப்போது பதினான்கு வயது. அவளுக்குப் பட்டையைக் கட்டிவிட்டு அதே மேட்டில் விரட்டினேன். எண் 190 வரை போனது, ஒருமுறைகூடப் பாதியாகவில்லை. இதற்குப் பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் குறிப்பேட்டில் எழுதியது: "ஒல்லியானவர்களுக்கு மட்டும் ஏற்றது."

ஆகஸ்டில் ஒருநாள் நானும் காவ்யாவும் ஒற்றையடிப் பாதை ஒன்றில் போனோம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சரிவு. நான் முன்னால், அவள் பின்னால். மேடு முடியும் இடத்தில் திரை 75 காட்டியது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு, சாம்பல் நிறப் புதர் ஒன்றுக்குள் மல்லாந்து கிடக்கிறேன். மேலே காவ்யாவின் ஹெல்மெட்டும் அதற்கப்பால் வானமும். நடுவே சில நொடிகளைக் காணவில்லை.

"டாட், ஆர் யூ ஓகே? ஏன் பிரேக் பிடிக்கல?"

"முன் டயர் வழுக்கிடுச்சும்மா."

அந்த டயரைப் பற்றியும் எழுதினேன். பாவம், நல்ல டயர்.

அன்று நான் மலைப்பக்கம் விழுந்தேன். சரிவுப்பக்கம் விழுந்திருந்தால் அதைப் பார்த்திருக்க வேண்டியவள் பின்னால் வந்த என் மகள். இந்த நினைப்பு வந்த பிறகுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. ஆனாலும் டாக்டரிடம் போகவில்லை. நம்மவர்கள் செய்வதையே நானும் செய்தேன்: அடுத்த பிறந்தநாள் விருந்து வரட்டும் என்று காத்திருந்தேன்.

அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்கு இது தெரியும். அப்பாயின்ட்மென்ட் எடுத்தால் நமக்கு நோய் இருக்கிறது என்று ஆகிவிடும். பிறந்தநாள் விருந்தில், தட்டை ஏந்திக்கொண்டு, "டாக்டர், சும்மா ஒரு சந்தேகம்" என்று கேட்டால் அது சந்தேகத்தோடு நின்றுவிடும். எங்கள் வட்டாரத்து டாக்டர் எஸ்தர், நாகர்கோவில்காரர், குழந்தைகள் மருத்துவர். அது யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை. முட்டிவலி, சர்க்கரை, மாமனாரின் கண்புரை எல்லாவற்றுக்கும் அவர் தட்டில் சாம்பார் சாதம் ஆறிப்போகும் வரை பதில் சொல்வார்.

அன்று விருந்து ஒரு பூங்காவில். எனக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். என் முறை வந்ததும் மலை, மேடு, சரிபாதி என்று படம் வரையாத குறையாக விளக்கினேன். மிஷினில்தான் கோளாறு என்றும் முடித்துவைத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார்.

"இப்போ நார்மலாத்தான் இருக்கு."

"நானும் அதைத்தான் டாக்டர் சொல்றேன்."

"அந்தப் படி தெரியுதா? மேல வரைக்கும் ஓடிட்டு, ஓடியே இறங்கி வாங்க, மூணு சுத்து. நடக்கக் கூடாது."

வாட்டர் டேங்குக்குப் போகும் நீளமான படிக்கட்டு அது. கையில் பலூனோடு நின்ற குழந்தைகள் பார்க்க, பேன்ட் ஷர்ட்டில் ஓடினேன். மூன்றாவது சுற்றில் கால் கனத்தது. திரும்பி வந்து நின்றபோது நாய்போல் இரைத்தது. டாக்டர் தட்டைப் புல்தரையில் வைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். வாட்சைப் பார்த்தார். பிடித்தபடியே இருந்தார். 

"உங்க மூச்சைப் பார்த்தா துடிப்பு நூத்தி நாப்பது இருக்கணும். கை எழுபதுன்னு சொல்லுது," என்றார். "என் கையில பேட்டரி கிடையாதே, சார்."

 கேக் வெட்டுவதற்கு முன்னே மாலதி கார்ச் சாவியை என் பாக்கெட்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். மருத்துவமனைக்குப் போகிற வழியில் ஃப்ரீவேயில் ஒரு வார்த்தை மட்டும் பேசினாள்.

"காலுன்னு நான் அப்பவே சொன்னேன்."

மறுநாள் மருத்துவமனையில் டிரெட்மில் (ஓடும் பட்டையின் மீது நடக்கவைத்து இதயத்தைக் கண்காணிக்கும் சோதனை) செய்தார்கள். மார்பில் மழித்த இடம் தயாராக இருப்பதைப் பார்த்து நர்ஸ் வியந்தார். ஒன்பதாவது நிமிடம் துடிப்பு பாதியானது. இதய மருத்துவர் உயரமான, அதிகம் பேசாத வெள்ளைக்காரர். நீளமான காகிதத்தை விரித்து விரலால் காட்டினார். எனக்கு வந்திருந்தது ஏவி பிளாக் (இதயத்தின் மேல் அறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழ் அறைக்குப் போகும் வழியில் தடைபடுவது). வேகம் கூடினால் என் கீழ் அறை ஒன்றுவிட்டு ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது. சில சமயம் தொடர்ந்து சிலவற்றை. புதருக்குள் காணாமல் போன நொடிகள் அவை.

"எத்தனை நாளாகத் தெரியும்?" என்று கேட்டார்.

"மூன்று மாதமாக. அச்சில்கூட வந்திருக்கிறது."

மாலதி கைப்பையிலிருந்து செய்திமடலை எடுத்து நீட்டினாள். அதை எப்போது எடுத்து வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. டாக்டர் நிதானமாகப் படித்தார். அம்புக்குறி போட்ட படத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"எந்த நோயாளியும் இவ்வளவு துல்லியமாக எனக்கு எழுதிக் கொடுத்ததில்லை," என்றார். "நோயைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறீர்கள். ஆளைத்தான் மாற்றிவிட்டீர்கள்."

மருந்தில் தீராது, பேஸ்மேக்கர் (தவறும் துடிப்பைத் தானே தூண்டிவிடும் சிறு மின்கருவி) வைக்க வேண்டும் என்றார். மறுபடி மலையில் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டேன். முதலில் உயிரோடு இருக்கலாம், அதன்பின் பேசலாம் என்றார். வீடு திரும்பும்வரை என் மனதில் அந்த இரண்டாவது பாதி மட்டும்தான் ஓடியது.

உங்களில் யாருக்காவது இது வரப்போகிறது என்றால், ஒன்றைச் சொல்கிறேன்: பெரிதாக வலிக்காது. இடது காறையெலும்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, தோலில் ஒரு பை செய்து, அதில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கருவியை வைக்கிறார்கள். இரண்டு கம்பிகள் ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் இறங்குகின்றன. நான் விழித்தேதான் இருந்தேன். தலைமாட்டில் ஓர் இளைஞர் கம்ப்யூட்டர் போன்ற பெட்டியோடு நின்று, எவ்வளவு மின்சாரத்துக்கு இதயம் பணிகிறது என்று எண்களைப் படித்துக்கொண்டிருந்தார். கூட்டுவார், குறைப்பார், தலையாட்டுவார். இருபது வருடம் நான் போர்டுகளுக்குச் செய்தது அதுதான். மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது, கொஞ்சம் மரியாதையோடு செய்திருக்கலாமோ என்று தோன்றியது.

ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. புதிய கம்பிகள் நகர்ந்துவிடும். மாலதி சட்டை மாட்டிவிட்டாள். தலை வாரிவிட்டாள். அவள் வகிடு எடுக்கும் பக்கம் என்னுடையது இல்லை.  அந்த ஆறு வாரமும் வலது வகிட்டோடு ஆபீஸ் போனேன்.

அந்த நாட்களில் செய்திமடலுக்கு ஒரு திருத்தம் எழுதினேன். முதல் வடிவத்தில் ஒரு பக்கம் முழுக்க விளக்கம் இருந்தது. கடைசியில் வைத்துக்கொண்டது இரண்டே வரி: "கருவியில் பழுது இல்லை. பழுது சோதித்தவரிடம் இருந்தது, சரிசெய்யப்பட்டுவிட்டது." சங்கத்தில் பலர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும், என் வயதுக்காரர், சிரிக்காமல் போன் செய்து தனக்கும் மேட்டில் எண் பாதியாகிறது என்றார். அவரைப் பிறந்தநாள் விருந்து வரை காத்திருக்கவிடவில்லை.

ஜனவரியில் டாக்டர் மலைக்கு அனுமதி கொடுத்தார். நிபந்தனை: மெதுவாக, தனியாக வேண்டாம், விழ வேண்டாம். தண்ணீர்ப் பையின் இடது பட்டை சரியாகத் தழும்பின் மேல் உட்கார்ந்ததால் இடுப்பில் கட்டும் பாட்டிலுக்கு மாறினேன். துடிப்புக் கருவியைக் காவ்யாவுக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குள்ளேயே ஒன்று இருக்கும்போது இரண்டு எதற்கு?

மழைக்குப் பிறகு மலை பச்சையாகியிருந்தது. இரண்டாவது கேட் வரை மிதித்தேன், நின்று, நின்று. கால் கனக்கவில்லை. அதைத் தாண்டிப் போகவில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். காவ்யாவுக்கு வேறு திட்டம் இருந்தது.

"டாட், நான் கீழ போய்ட்டு ஏறி வரேன். டைம் பண்றீங்களா? டர்ன்கிட்ட கை காட்டறேன்."

வாட்சை வீட்டில் மறந்திருந்தேன். சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டாள். அப்போதுதான் நினைவு வந்தது. ஓய்வில் என் சொந்தத் துடிப்பு ஐம்பத்து நான்கு. பேஸ்மேக்கர் அதை அறுபதுக்குக் கீழே இறங்கவிடாது. சும்மா உட்கார்ந்திருந்தால் நான் நொடிக்கு ஒரு துடிப்பு. கீழே வளைவில் அவள் கை அசைந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினேன். மாடு ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது.

"டைம் என்ன?" வந்து கேட்டாள், மூச்சு வாங்க.

"நானூத்திப் பன்னிரண்டு."

"வாட்ச் எங்க?"

மணிக்கட்டைக் காட்டினேன்.  "தட்ஸ் சோ வியர்ட்," என்றாள். பிறகு, "ஒன் மோர். ஐ கேன் பீட் தட்."

இரண்டாம் முறை நூற்று ஐம்பது வரை கடிகாரம் ஒழுங்காக ஓடியது. அப்போது பாறை துருத்தும் வளைவில் அவள் பின்சக்கரம் விலகியது. சைக்கிள் சரிவுப்பக்கம் சாய்ந்தது. ஒரு கால் ஊன்றினாள், தடுமாறினாள், நிமிர்ந்தாள், மிதித்தாள். எல்லாம் ஒரு கண்ணிமைப்பு. விரலுக்கு அடியில் என் இதயம் அறுபதை விட்டுத் தாவி ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றையும் தவறவிடவில்லை. எண்ணிக்கைதான் போய்விட்டது.

"எவ்ளோ?" என்றாள் மேலே வந்து.

"இது செல்லாது. கருவியில கோளாறு."

அவள் தண்ணீர் குடித்தாள், வாயைத் துடைத்தாள், மறுபடி இறங்கினாள். நான் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு, அறுபது திரும்பி வரும்வரை காத்திருந்தேன்.