பொட்டு வைத்த சாமான்

செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். அடையாறில் ஏசி போட்ட ஒரு சர்வீஸ் சென்டர். தொண்ணூறுகளின் கடைசியில்கூடக் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, தூசி ஆகாதாம். வெறுங்காலோடு, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனேன். டை கட்டியிருந்தவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தான்.

"சார் வரலையா மேடம்?"

எந்த சார்? கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுப்பவள் நான். லேப்டாப் என் அண்ணன் அமெரிக்காவிலிருந்து எனக்கென்று கொண்டுவந்தது. அதில் மூன்று வருடமாக ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவளும் நான்தான். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபத்தை விழுங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். திரை இருட்டாக இருக்கிறது, ஆனால் மெஷின் ஓடுகிறது, ஆரம்பத்தில் வரும் இசைகூடக் கேட்கிறது. மொட்டை மாடி வெயிலில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து மங்கலாகத் தெரிகிறது.

"வெயில்ல எல்லாமே தெரியும் மேடம்" என்று சிரித்தான். "காபி ஏதாவது கொட்டினீங்களா?"

"இல்லை."

"ஈரத் துணியால தொடச்சிருப்பீங்க. லேடீஸ் வழக்கமா தொடைப்பாங்க."

"இல்லைன்னு சொல்றேனே! ஒரு மனுஷி வாயால சொன்னா நம்ப மாட்டீங்களா?"

கத்தியே விட்டேன். அவன் அசரவில்லை. ஒரு தடவை ஆன் செய்தான், பார்த்தான், மூடினான். டிஸ்பிளே போய்விட்டது, சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும், இரண்டு மாதமாகும் என்றான். படிவத்தில் 'தண்ணீர் பட்டிருக்கலாம்' என்று ஆங்கிலத்தில் எழுதினான். நான் அவ்வளவு சொன்ன பிறகும் எழுதினான். மெஷினைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அவன் என் மேல் எழுதிய அதே வரியை, இரண்டு நாள் முன்பே நான் இன்னொருத்தி மேல் எழுதியிருந்தேன். அதை அப்போது யோசிக்கவே தோன்றவில்லை.

விஜயதசமி காலை அது. முந்தின நாள் சரஸ்வதி பூஜை. புத்தகங்களை அடுக்கி, மேலே லேப்டாப்பை வைத்திருந்தேன். அன்று எதையும் படிக்கக் கூடாது. மறுநாள் ஒரு வரியாவது படித்தாக வேண்டும். ஆய்வேட்டிலேயே ஒரு வரி எழுதுவோம் என்று குளித்துவிட்டு வந்து திறந்தால், திரை இருட்டு. நாலு தடவை அணைத்துப் போட்டேன். மாதக் கடைசிக்குள் சமர்ப்பிக்க வேண்டியது, இன்னொரு பிரதிகூட எடுத்து வைக்கவில்லை.

வீட்டு வேலை செய்கிறவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நாலு வருடமாக வருகிறவள். நேரே வாசலுக்குப் போய், மயிலாப்பூரே கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"நீதானே ஈரத் துணியால துடைச்சே?"

"அய்ய, நான் தொடவேயில்லம்மா. பொட்டு வெச்ச சாமான், அத்தப் போயி தொடைப்பனா?"

"பொய் சொல்லாதே! உன்னை விட்டா இந்த வீட்டுல யார் துடைக்கிறா?"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் கோலத்தைப் பாதியில் விட்டாள். மாவுக் கிண்ணத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் எதிர்வீட்டு மாமி வந்து, "நானும் அவளை நிறுத்திட்டேன். பக்கத்தாத்துலயும் சொல்லிட்டேன். விலை ஒசந்த சாமானெல்லாம் ஆத்துல வச்சுண்டு எதுக்கு வம்பு?" என்றாள். ஒரு கத்தலில் மூன்று வீட்டு வேலை போயிற்று. நான் மாமிக்குக் காபி கொடுத்து அனுப்பினேன்.

அடையாறில் பட்ட அவமானத்தோடு மறுநாள் தி. நகருக்குப் போனேன். பாண்டி பஜாருக்குப் பின்னால், எங்கள் யூபிஎஸ்ஸை ஒருமுறை சரிசெய்து கொடுத்த பாயின் கடை. அவர் சார் எங்கே என்று கேட்கவில்லை, காபி கொட்டினாயா என்றும் கேட்கவில்லை. ஆன் செய்து, திரை மேல் டார்ச் அடித்தார்.

"எழுத்து கீதும்மா. உள்ள வெளக்குதான் எரியல."

மூடியும் பெட்டியும் சேரும் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று, நகத்தால் சுரண்டி, மூக்குக்குக் கொண்டுபோனார்.

"சந்தனமா? பூஜை போட்டீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"மூடினா இந்தக் குமிழு உள்ள போவும், வெளக்கு அணையும். தொறந்தா மேல வரணும். சந்தனம் காஞ்சி உள்ளயே ஒட்டிக்கினு கீது. இன்னும் மூடியே கீதுன்னு மெஷின் நெனச்சிக்கினு கீது."

பழைய பல் பிரஷை ஸ்பிரிட்டில் தொட்டுத் தேய்த்தார். குமிழ் 'டிக்'கென்று எழும்பியது. திரை பளிச்சென்று எரிந்தது. ஆய்வேட்டின் முதல் எழுத்திலிருந்து எல்லாம் பத்திரமாக இருந்தன. எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

ஏனென்றால் ஞாபகம் வந்துவிட்டது. மூடி வைத்தால் சரஸ்வதி எதைப் பார்ப்பாள் என்று பூஜையன்று அதைத் திறந்தவள் நான். திரைக்குக் கீழே, பொட்டு வைக்கவென்றே செய்த மாதிரி ஒரு சின்னக் குமிழ் தெரிந்தது. அதன் மேல் சந்தனத்தை அப்பி, குங்குமத்தை விரலால் அழுத்தி வைத்தேன். ராத்திரி மூடினேன். டை கட்டினவன் மேல் இருந்த ஆத்திரமெல்லாம் திரும்பி என் மேலேயே வந்து விழுந்தது. பொட்டு வைத்த சாமான் என்று அவள் சொன்னாளே, அப்போதாவது எனக்கு உறைத்ததா?

பஸ் பிடித்து நேரே மந்தைவெளியில் அவள் வீட்டுக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று மெதுவாகச் சொன்னேன்.

"சாமான் நல்லாயிட்ச்சா?"

"ஆயிடுச்சு. நாளைக்கு வந்துடு."

கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "இங்க வந்து காதோட சொல்றீங்க. அன்னிக்கி தெருவுல நின்னுதானேம்மா சொன்னீங்க?"

மறுநாள் காலை, கோலம் போடும் நேரத்துக்கு வந்தாள். படி ஏறவில்லை. தெருவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் வாசலில் நின்று, "இவ மேல தப்பில்லை. நான்தான் அதைக் கெடுத்தேன்" என்றேன். எதிர்வீட்டு ஜன்னல் மூடியே இருந்தது.

"கேக்கலம்மா" என்றாள். "அன்னிக்கிக் கத்துன மாரி சொல்லுங்க."