எமில்டாவும் பென்சில் கரியும்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முதலே சொன்னவன். எமில்டா பெரிய படிப்புப் படிப்பார், வெளிநாட்டுக்காரர் தேடி வந்து கூட்டிப்போவார்கள், அங்கேயே நம்மை விட்டுப் பிரிவார் என்று அவரது ஞானஸ்நானத்தன்றே சொன்னேன். நம்பாதவர்கள் எங்கள் ஊர் பேசாலையில் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும் ஞாயிறு பூசைக்கு உடுத்துக்கொண்டு நின்றபோது அக்கா தொலைபேசியில், "தம்பி, என்ர பிள்ளை எங்களை விட்டிட்டுப் போயிட்டாள்" என்றதும், சேட்டுப் பொத்தானைப் போடாமல் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன்.

எனக்கு மருமகள்தான். படிப்புக்காக 'அவர்' என்று எழுதுகிறேன்.

தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து படித்து விஞ்ஞானியானவர். ஒரே ஒரு அணு தடிப்புள்ள கரித்தாளின் ஒரு முனையைச் சூடாக்கினால் இலத்திரன்கள் என்ற மின்துகள்கள் எப்படி ஓடும் என்பதே அவரது ஆராய்ச்சி. நாங்கள் ஊரில் மீளக் குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்தார்.

"அதுகள் ஏன் பிள்ளை ஓடுதுகள்?" என்று கேட்டேன்.

"சூட்டுப் பக்கம் துள்ளல் கூட, மாமா. அதால குளிர்ப் பக்கம் போய்ச் சேருதுகள். அங்க கூட்டம் கூடினவுடன பின்னால வாறதுகளைத் தள்ளும். அந்தத் தள்ளலைத்தான் வோல்ற்று எண்டு அளக்கிறம்."

"முகாம் தண்ணிக் குழாயடி மாதிரி எண்டு சொல்லு."

"உங்களை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும்," என்று சிரித்தார். நாளைக்குச் செய்து காட்டுவதாகவும் சொன்னார், எனக்கு மட்டும்.

எனக்கு மட்டும் என்றால் எனக்குக் காணாது. வெயில் சூட்டில் எமில்டா ஊருக்கே கரண்ட் தரப்போகிறார் என்று தோட்டவெளி ஊர் வரை சொல்லிவிட்டேன். மறுநாள் முற்றம் நிறையச் சனம். ஒருவர் மேசை ஃபேனையும் தூக்கி வந்திருந்தார்.

எமில்டா பென்சில் கரியை ஒட்டுநாடாவால் உரித்து உரித்து மெல்லிசாக்கிக் கண்ணாடித் துண்டில் பதித்தார். ஒரு முனையில் சிரட்டைக்கரி அயன்பெட்டி, மறுமுனையில் மீன்பெட்டி ஐஸ். மீற்றர் ஊசி மயிரளவு அசைந்தது.

"இவ்வளவுதானோ? இதுக்கோ பிள்ளை கடல் தாண்டினது?" என்றார் ஃபேன்காரர். முற்றமே சிரித்தது.

எமில்டா நிமிர்ந்து, "மாமா சொன்னது பிழையில்லை. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டார், அவ்வளவுதான்," என்றார். சனம் அடங்கியது.

அதற்குப் பிறகு அவர் ஊருக்கு வரவேயில்லை.

இதை அக்காவும் படிப்பார். அன்று பக்கத்தில் நின்றவர். ஆகவே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எமில்டா அப்படி எதுவும் சொல்லவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. கம்பிகளைச் சுற்றி எடுத்து, ஐஸ் உருகி நனைந்த மேசையைக் கையால் துடைத்துவிட்டு உள்ளே போனார். ஊரெல்லாம் கதைத்த நான் அந்த நேரம் வாய் திறக்கவில்லை. அவர் அப்படிச் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு ஆசை, அதனால் எழுதினேன்.

போயிட்டு வாங்கோ, மகள்.